பொட்டைக்குட்டிக்கு நாள் குறித்த கதை

எங்கள் வீட்டுக்கு வந்த நாய்க்குட்டியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் எல்லாம் வந்து போன பிறகு மிஞ்சியிருந்தது எங்களுக்கு வந்தது. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் என் மைத்துனனுடைய தென்னந்தோப்பில், மோட்டார் ரூமுக்குள் காவல் நாய் குட்டி போட்டிருந்தது. நான்கு கடுவன், ஒரு பொட்டை. கடுவன்களுக்குக் கண் திறப்பதற்கு முன்பே ஆள் சொல்லி வைத்தாகிவிட்டது. தேங்காய் ஏற்ற வந்த லாரிக்காரருக்கு ஒன்று, உரக்கடைக்காரருக்கு ஒன்று என்று மளமளவென்று முடிந்துபோனது.

"பொட்டைக்குட்டிங்க மாமா, ஓசில குடுத்தாலும் ஒருத்தரும் தொட மாட்டேங்கறாங்க" என்றான் மைத்துனன். "வருசத்துக்கு ரெண்டு ஈத்துப் போட்டு வெச்சா யாரு பாக்கறது? சந்தைப் பக்கம் கொண்டுபோயி உட்டுப்போட்டு வர வேண்டீதுதான்."

என் மனைவி தம்பியைத் தாண்டி உள்ளே போனாள். குட்டியைத் தூக்கிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். துடியலூரில் வீடு வந்து சேரும்வரை அவள் பேசியது ஒரே வாக்கியம்: "ஏனுங்க, மேடு பள்ளம் பாத்து மெதுவா ஓட்டுங்க." அந்த வாக்கியத்தை அதற்கு முன் நான் கேட்டதெல்லாம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் நாட்களில்தான்.

எந்த ஆஸ்பத்திரி என்று கோவைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகிப் பதினைந்து வருடம் ஆகியும் வீட்டில் மூன்றாவது ஆள் இல்லாதவர்கள் போகும் ஆஸ்பத்திரி. எங்கள் ஊரில் பம்ப்செட்டுக்கு அடுத்தபடியாக அதிகம் விளம்பரமாவது அதுதான். போர்டில் ஒரு குழந்தை சிரிக்கும். நீலக் கண்ணும் பொன்னிற முடியுமாக, கொங்கு மண்டலத்தில் யாருக்கும் பிறக்க வாய்ப்பில்லாத குழந்தை. காந்திபுரம் சிக்னலில் அதன் அடியில் நின்று நின்று, சொந்தக்காரப் பிள்ளையைப் போல அதன்மேல் எனக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. குறை இரண்டு பேரிடமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. எங்கள் தாம்பத்தியத்தில் நாங்கள் சரிசமமாகப் பங்கு போட்டுக்கொண்ட ஒரே விஷயம் அது. பல வருடம், பல முறை முயன்று, கடைசியில் ஒரே ஒரு கரு மட்டும் அந்த ஆஸ்பத்திரியின் குளிர்ப்பெட்டியில் மிச்சமிருந்தது. அதையும் வைத்துப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்வது என்று பேசியிருந்தோம். அவளுக்கு நாற்பத்தொன்று முடிந்திருந்தது. எனக்கு எவ்வளவு என்பதைச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. மனைவியிடம் பெயர்கள் கைவசம் இருந்தன, ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. அவற்றை எடுத்து நாய்க்குச் சூட்ட அவளுக்கும் மனம் வரவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. வேறு பெயர் யோசிக்கப் போனாலும் அந்த இரண்டுமே முன்னால் வந்து நின்றன. அதனால் 'கண்ணு' என்று கூப்பிட்டோம். கொங்கு நாட்டில் இது ஒரு நிர்வாகக் கோளாறு. இங்கே எல்லோரும் எல்லோருக்கும் கண்ணுதான். காய்கறி வண்டிக்காரர் எதிர் வீட்டம்மாவிடம் "கண்ணு, முருங்கை பிஞ்சா இருக்குது பாரு" என்றால் எங்கள் நாய் ஓடிப்போய்த் தராசுக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளும். தண்ணீர் கேன் போடுகிறவர் போனில் மகளோடு பேசினால் இது வாலை ஆட்டும். ஊரில் யார் யாரைக் கொஞ்சினாலும் அது தனக்குத்தான் என்று கடைசிவரை நம்பியது.

தடுப்பூசிக்காக மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு கால்நடை டாக்டரிடம் போவோம். இளம் பெண், எந்த நாய்க்கும் பயப்படாத கை. கடைசி ஊசி போட்ட அன்று குட்டியின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தார்.

"அஞ்சு மாசம் ஆச்சுங்க. ஆறு மாசத்துல கர்ப்பப்பை ஆபரேஷன் பண்ணிடலாமுங்களா? முதல் ஹீட், அதாவது பருவத்துக்கு வர்றது, அதுக்கு முன்னாடி பண்ணினா பின்னாடி மார்ல கட்டி வர்ற பயம் ரொம்பக் கொறைவு. கர்ப்பப்பையில சீழ் புடிக்கற தொந்தரவும் இருக்காது. ஹீட் வந்துட்டா, அது முடிஞ்சு ரெண்டு மூணு மாசம் காத்திருந்துதான் பண்ணணும்."

"ஒரு தடவை குட்டி போட்டா நல்லதுன்னு சொல்றாங்களே" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"யாருங்க சொல்றாங்க?"

"பொதுவா."

"பொதுவா சொல்றவங்க ஒருத்தரும் குட்டிய வாங்கிட்டுப் போக மாட்டாங்க சார்."

மனைவி சிரிக்கவில்லை. 'கர்ப்பப்பை' என்ற சொல் வந்ததிலிருந்து அவள் சுவரில் ஒட்டியிருந்த நாய் இனங்களின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் "யோசிச்சுச் சொல்லலாமுங்க" என்றாள்.

யோசிப்பது என் துறை. நான் ஒரு பொறியியல் கல்லூரியில் நூலகர். மாணவர்கள் எட்டிப் பார்க்காத அமைதியில் இருபது வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எந்த விஷயத்திலும் முடிவெடுக்க முடியாத அளவுக்கு விவரம் தெரிந்தவன். நாய்களின் கருத்தடையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். ஆறு மாதத்தில் பண்ணு என்றவர்கள் இருந்தார்கள். எலும்பு முற்றட்டும், ஒரு வருடம் பொறு என்றவர்களும் இருந்தார்கள். பெரிய ஜாதி நாய்க்கு ஒரு கணக்கு, சின்ன ஜாதிக்கு ஒரு கணக்கு என்றார்கள். எங்களுடையது என்ன ஜாதி என்று அதைப் பெற்றவளுக்கே தெரியாது. ஆனாலும், எனக்கே ஆச்சரியமாக, ஒரு முடிவுக்கு வந்தேன். தெரு முழுக்கக் கடுவன்கள் திரியும் துடியலூரில், கேட் தாழ்ப்பாள் சரியாக விழாத வீட்டில், முதல் ஹீட்டுக்கு முன்பே செய்துவிடுவதுதான் புத்தி. அடுத்த மாதமே.

அடுத்த மாதம்தான் அந்தக் கடைசிக் கருவை வைப்பதாகவும் இருந்தது.

அன்னூரில் அண்ணன் வீட்டில் இருக்கும் என் அம்மாவிடம் நாயின் ஆபரேஷனைப் பற்றிப் போனில் சொன்னது நான்தான். மழை, மாடு, விலைவாசி என்று பேசி முடித்து, பேச்சுக்கு விஷயம் தீர்ந்துபோன நேரத்தில் வாயில் வந்துவிட்டது.

"ஏங்கண்ணு, உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? ஊட்டுல ஒருத்தி வயிறு நெறையோணும்னு காத்துக்கிட்டிருக்கறா. அதே ஊட்டுல ஒரு வாயில்லாச் சீவன் வயித்தை அறுப்பாங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"சம்பந்தம் கேக்கறயா? நீ என்ற வயித்துல இருக்கறப்ப கட்டுத்தறியில காளைக்கன்னு ரெண்டு நின்னுது. காயடிக்கற ஆளு வாசல்லயே வந்து நின்னான். உங்கப்பாரு கன்னு மேல கை வெக்க உடலியே! நீ பொறந்து மொட்டை போடற வரைக்கும் அது ரெண்டும் ஊர்ல இருக்கற வேலியெல்லாம் முட்டித் தள்ளிக்கிட்டுத் திரிஞ்சுது. தோட்டத்துக்காரங்க அத்தனை பேரும் சண்டைக்கு வந்தாங்க. அதுக்கும் உங்கப்பாரு அசையலை. அப்படி வந்தவன் நீ."

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் பாம்பை அடிக்கக் கூடாது, பூசணிக்காய் உடைக்கக் கூடாது என்பதெல்லாம் நான் கேள்விப்பட்டிருந்தவை. ஆனால் என் பொருட்டு இரண்டு காளைக்கன்றுகள் ஆண்மையோடு விட்டுவைக்கப்பட்ட செய்தி எனக்கு அன்றுதான் தெரியும். இவ்வளவு பந்தோபஸ்தோடு வந்து இறங்கி நீ என்ன சாதித்தாய் என்று அந்தக் கன்றுகள் கேட்டால், புத்தகங்களுக்கு எண் ஒட்டினேன் என்றுதான் சொல்ல முடியும்.

சாயங்காலம் இதை ஒரு வேடிக்கையாக மனைவியிடம் சொன்னேன். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரம்மா. நானாவது சில சமயம் தடுமாறுவேன், அவள் சகுனம் பார்த்து நான் பார்த்ததில்லை. வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கடைசிவரை கேட்டாள்.

"அத்தை சொல்றதுல எனக்கும் நம்பிக்கை இல்லீங்க."

"அப்புறமென்ன? தேதி வாங்கிடட்டுமா?"

"இருங்க. நாம கண்ணுக்குப் பண்ணிப்போடறோம்னு வெய்யுங்க. அப்புறம் இதுவும் நிக்காமப் போயிருது. அன்னிக்கு நான், அதை அறுத்ததுனாலதான் இப்படியாச்சுன்னு நெனைக்கவே மாட்டேன்னு உங்களால உறுதியாச் சொல்ல முடியுமுங்களா?"

நான் ஒரு வாரம் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை.

ஆகவே, விஷயம் தெரிந்த பிறகு கண்ணுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நல்ல சேதி வந்தால், குழந்தைக்கு மொட்டை போடும்வரை கண்ணுவும் வேலிகளை முட்டித் தள்ளிக்கொண்டு திரியட்டும். வராவிட்டால் எப்போது என்பதை இருவருமே பேசவில்லை. கால்நடை டாக்டரிடம் வீட்டில் ஒரு காரியம் இருக்கிறது, தள்ளிப்போகிறது என்றேன். "ஹீட் வந்துட்டா அப்புறம் காத்திருக்கணுங்க, பரவாயில்லீங்களா?" என்றார். காத்திருப்பதில் எங்களுக்கு இருந்த அனுபவம் அவருக்குத் தெரியாது.

கருவை வைத்துவிட்டு மேடு பள்ளம் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். படுத்தே கிடக்க வேண்டாம், சாதாரணமாக நடமாடலாம் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஆனால் மனைவி விளிம்புவரை நிறைந்த எண்ணெய்க் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு போகிறவள் மாதிரி நடந்தாள். தும்மல் வந்தால்கூட அடக்கினாள். நான் லீவு போட்டுவிட்டுச் சமைத்தேன். என் ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு நாய் விலகிப் போனது. அவள் குடித்தாள்.

ஒரு காலையில் பால் பாக்கெட் எடுக்க நான் கேட்டுக்குப் போயிருந்தபோது உள்ளேயிருந்து "ஏனுங்க!" என்று சத்தம் கேட்டது. வழக்கமான ஏனுங்க இல்லை. ஓடினேன். ஹாலில் வெள்ளை டைல்ஸ் மேல், படுக்கையறை வாசலிலிருந்து சமையலறை வரை, சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக. அவள் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள். நைட்டியைத் தொட்டுப் பார்க்கவும் பயந்து இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளி வைத்திருந்தாள். கையில் பால் பாக்கெட்டோடு நானும் நின்றேன்.

அப்போது சமையலறையிலிருந்து கண்ணு வந்தது. வந்த வழியில் ஒரு சொட்டு. எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, காலைத் தூக்கி, பின்புறத்தை நக்கிக்கொண்டது.

"கண்ணுதானுங்க!" என்றாள் மனைவி. "ஐயோ, கண்ணுதானுங்க! பெரிய மனுசி ஆயிப்போட்டாளுங்க!"

அப்படி அவள் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகியிருந்தது. வயிறு குலுங்கக் கூடாதே என்று அடிவயிற்றை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு சிரித்தாள். சிரித்த கையோடு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். "டேய், உன்ற மருமக பெரிய மனுசி ஆயிட்டாடா. தாய்மாமன் சீர் கொண்டாரோணும். தட்டு எத்தனைன்னு நான் எண்ணிப் பாப்பேன், ஆமா!" மறுமுனையில் அவன் தூக்கக் கலக்கத்தில், எந்தச் சொந்தக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு என்று விசாரித்தது எனக்கும் கேட்டது. நான் துணியை நனைத்துக்கொண்டு வந்து தரையைத் துடைத்தேன். தம்பிக்கு மருமகள் என்றால் அவளுக்கு யார் என்ற கணக்கு துடைக்கும்போதுதான் எனக்கு ஓடியது. அவளிடம் சொல்லவில்லை. கணக்கு வாத்தியாரம்மாவுக்குத் தெரியாததா?

அன்று முதல் எங்கள் கேட்டுக்கு வெளியே மாநாடு கூடியது. வடவள்ளியிலிருந்துகூட வந்திருப்பார்கள் என்று தோன்றும் அளவுக்குக் கடுவன்கள். அவற்றில் இரண்டு, கருத்தடை செய்து அடையாளத்துக்குக் காது நுனி நறுக்கி விடப்பட்டவை. அவையும் மற்றவற்றோடு வந்து, எதற்காக வந்தோம் என்று சரியாகப் பிடிபடாதவை போல ஓரமாக உட்கார்ந்திருந்தன. ஒரு வாளித் தண்ணீரோடு வெளியே போன நான் எல்லோர் மேலும் ஊற்றினேன், அந்த இரண்டின் மேல் மட்டும் ஊற்றவில்லை. ஒரு தோழமைதான். கண்ணுவைப் பின்பக்கம், துணி துவைக்கும் இடத்தில் கதவைச் சாத்தி வைத்தோம். சோற்றுக்கு மட்டும் உள்ளே.

அந்த வாரக் கடைசியில் ஒரு நாள் காலை, ஹாலில் மறுபடியும் சொட்டுகள் இருந்தன. நான்தான் முதலில் பார்த்தேன். பழகிப்போயிருந்தது. துணியை நனைத்து எடுத்து வந்து, "ஏ கண்ணு, உனக்கு நான் என்ன வேலைக்காரனா?" என்று சத்தமாகத் திட்டிக்கொண்டே துடைத்தேன். வாசல் ஓரம், சோபாவின் கால், பாத்ரூம் மிதியடி வரை துடைத்துக்கொண்டு போனேன். பாத்ரூம் உள்ளே தாழிட்டிருந்தது. தண்ணீர் விழும் சத்தம் இல்லை. ராத்திரி முழுக்க நாய் பின்பக்கம் அடைபட்டுக் கிடந்தது, இன்னும் நான் கதவைத் திறந்துவிடவே இல்லை என்பது அங்கே குனிந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கையில் துணியோடு மிதியடி மேலேயே உட்கார்ந்திருந்தேன். வெகு நேரம் கழித்து உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது. "தொடைச்சுட்டீங்களா?"

"ம்."

"சரிங்க."

அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. டாக்டரம்மா வருத்தப்பட்டார், இன்னும் சில வழிகள் இருக்கின்றன என்றார், மனைவி அவருக்கு நன்றி சொன்னாள். கண்ணுவின் ஹீட் முடிந்தது. கடுவன்கள் கலைந்து போயின. அம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. மழை, மாடு, விலைவாசி என்று பேசிவிட்டு வைத்தோம். மனைவி பள்ளிக்கூடத்துக்குப் போனாள், வந்தாள், விடைத்தாள் திருத்தினாள். கண்ணு வளர்ந்து, கட்டிலில் ஏறிப் படுக்கும் உயரத்துக்கு வந்துவிட்டது. ஏறாதே என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள்: "ஏனுங்க, கண்ணுக்குப் பண்ணிப்போடலாமுங்க. டாக்டர் சொன்ன ரெண்டு மூணு மாசமும் ஆயிருச்சு."

இதற்குத்தான் நான் முதலிலிருந்தே வாதாடியவன். ஆனால் அன்றைக்கு, எதிர்க்கட்சி முழுவதும் என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டது. எலும்பு முற்றட்டும் என்றேன். பெரிய ஜாதிக் கலப்பாக இருக்கலாம், ஒரு வருடம் பொறுத்துச் செய்தால் மூட்டுக்கு நல்லது என்றேன். அடுத்த ஹீட்டையும் பார்த்துவிட்டு என்றேன். கடைசியில், வெட்கமில்லாமல், "ஒரு தடவை குட்டி போட்டா நல்லதுன்னுகூடச் சொல்றாங்க" என்றேன்.

"யாருங்க சொல்றாங்க?"

நான் துருவலில் கொஞ்சம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"எத்தனை நாளைக்குங்க அதையும் காக்க வெப்பீங்க?" துருவிய தேங்காயைத் தட்டில் ஒதுக்கினாள். "நான் போதும்னு நெனைச்சுட்டேனுங்க. நீங்களும் நெனைச்சுப்போடுங்க."

அவள் அழுதிருந்தால் எனக்கு ஏதாவது வேலை இருந்திருக்கும். அவள் மிக்ஸியைப் போட்டாள். நான் வெளியே போய், அத்தனை வருடமாகச் சரியாக விழாத கேட் தாழ்ப்பாளைக் கழற்றி, தட்டி நிமிர்த்தி, மறுபடியும் மாட்டினேன். இப்போது கச்சிதமாக விழுகிறது.

ஆபரேஷன் அன்று இருவரும் லீவு போட்டோம். காத்திருப்பவர்களுக்கான நாற்காலிகளை எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் ஒரே கம்பெனிதான் செய்து கொடுக்கிறது போலிருக்கிறது. உட்கார்ந்த உடனே முதுகு அதை அடையாளம் கண்டுகொண்டது. மனைவி நாயின் கழுத்துப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பக்கிளைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். முகக்கவசத்தைக் கீழே இறக்கி, "நல்லபடியா முடிஞ்சுதுங்க" என்றார். இத்தனை வருடத்தில் ஒரு டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்து எங்களிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் முறை. "சந்தோசமுங்க" என்றாள் மனைவி. நான் சுவரில் இருந்த நாய் இனங்களின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தையலை நக்காமலிருக்க மெல்லிய துணியாக எடுத்து வயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பும்போது அவள் சொல்வதற்கு முன்பே நான் மெதுவாக ஓட்டினேன்.

வீட்டுக்கு வந்து, மயக்கம் முழுதும் தெளியாத நாயைப் பாயில் கிடத்தியதும், அவள் ஸ்டூலைப் போட்டு ஏறி பீரோவின் மேல் தட்டிலிருந்து ஒரு துணி மூட்டையை இறக்கினாள். எனக்கு அது என்னவென்று தெரியும். முதல் முறை சிகிச்சைக்குப் போன வருடம் அம்மா கொடுத்தனுப்பியது. அப்பா கட்டிப் பழசான வேட்டிகள். துவைத்துத் துவைத்து நூல் மெலிந்து, பூப்போல ஆனவை. தூளி கட்டவும், குழந்தைக்கு மடித்துப் போடவும் என்று சேர்த்து வைத்தது. ஒவ்வொரு வருடமும் மனைவி அவற்றை இறக்கி, வெயிலில் போட்டு, மறுபடியும் மடித்து மேலே வைப்பாள்.

"வேற துணி எடுக்கட்டுமா? என் பனியன் இருக்கு" என்றேன்.

"பனியன் உறுத்துமுங்க."

வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து ஒரு இழு இழுத்தாள். கிழிபடும் சத்தம்கூட வராத அளவுக்கு அது நைந்திருந்தது. நீளமாகக் கிழித்து, நாயின் வயிற்றைச் சுற்றி இரண்டு சுற்றுச் சுற்றி, முதுகில் முடிச்சுப் போட்டாள். கண்ணு கண்ணைத் திறக்காமல் வாலின் நுனியை மட்டும் ஒரு முறை அசைத்தது.

அம்மாவுக்கு நானே போன் செய்தேன். மழை, மாடு எதுவும் பேசாமல், "கண்ணுக்கு இன்னிக்குப் பண்ணியாச்சும்மா" என்றேன்.

அந்தப் பக்கம் டிவி சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ அதைக் குறைத்தார்கள்.

"வயித்துக்குத் துணி கட்டியிருக்குதா?"

"கட்டியிருக்கு."

"என்ன துணி?"

"அப்பா வேட்டிம்மா."

"அது மெத்துனு இருக்கும்" என்றாள் அம்மா. "புண்ணுல ஒட்டாது. இன்னிக்குப் பாலு ஊத்தாதீங்க கண்ணு, வாந்தி எடுக்கும். கஞ்சித் தண்ணி குடுங்க." போனை வைத்துவிட்டாள்.

மிச்சத் துணியை மனைவி மடித்தாள். மறுபடியும் ஸ்டூலில் ஏறுவாள் என்று நினைத்து நான் அதைப் பிடித்துக்கொள்ளப் போனேன். அவள் ஏறவில்லை. சமையலறைக்குக் கொண்டுபோய், அடுப்புக்குக் கீழே பாத்திரம் இறக்கும் துணிகளோடு வைத்தாள்.

மறுநாள் காலை பால் பொங்கி வந்தபோது கைக்கு முதலில் அகப்பட்டது அதுதான். இரண்டாக மடித்துப் பாத்திரத்தைப் பிடித்து இறக்கினேன். ரொம்ப மெல்லிய துணி. சூடு அப்படியே கையில் ஏறியது.